மீனுக்குக் கழிவு கேட்டவள்

மணி,

கடை எப்படி இருந்தது, சாப்பாடு எப்படி இருந்தது, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டீர்களே என்று கேட்டு எழுதியிருந்தாய். அதே கடிதத்தில், தேயிலைத் தோட்டத்தை விட்டுவிட்டு நானும் உன் அம்மாவும் நிரந்தரமாக உன்னிடமே வந்துவிட வேண்டும் என்றும், சமையலறைக்குப் பின்னால் எங்களுக்கென்று ஓர் அறை கட்டி வைத்திருக்கிறாய் என்றும் எழுதியிருந்தாய். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். உன் கடை நல்ல கடைதானா, அதற்குக் கொடுக்கிற விலைக்கு அது தகுமா என்று நிதானமாக யோசித்துத்தான் எழுத நினைத்தேன். கோபம் அடங்கட்டும் என்று காத்திருந்தும் பார்த்தேன். அடங்குகிற வழியாகத் தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன், நீயும் அப்படியே படி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இடம் நல்ல இடம். ஓப்பநாயக்கவில் விடியற்காலையில் பஸ் ஏறி, எம்பிலிப்பிட்டியவில் இறங்கி மாறி, புழுதியிலும் வெயிலிலும் வதங்கி வந்து இறங்கிய எங்களுக்கு அந்தக் காற்றே பாதிக் களைப்பைப் போக்கிவிட்டது. உன் அம்மா கடலை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். அலை காலில் படுகிற வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தாள். பிறகு, "இம்புட்டுத் தண்ணியும் சும்மாவாங்க கெடக்கு? நம்ம பீலியில ஒரு கொடம் புடிக்க அந்த அடி அடிச்சுக்கிறோம்" என்றாள். வெள்ளைக்காரர்கள் சட்டை இல்லாமல் மணலில் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். வாழ்நாள் முழுக்கத் தலையில் துணியைப் போட்டு வெயிலுக்கு ஒளிந்த உன் அம்மா, பாவம் அவர்களுக்கு நிழலில் இடம் கொடுக்காமல் விட்டுவிட்டாயோ என்று கவலைப்பட்டாள். பக்கத்து மேசைகளில் ஆளுக்கொரு சிறு சுத்தியலை வைத்துக்கொண்டு நண்டை உடைத்தார்கள், உறிஞ்சினார்கள், விரலைக் குத்திக்கொண்டு சிரித்தார்கள். காசு கொடுத்து வேலை வாங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காசையும் கொடுத்துவிட்டு வேலையையும் தாங்களே செய்கிறவர்களை உன் கடையில்தான் கண்டேன். இதை ஒரு தொழிலாக்கத் தெரிந்த உன் மூளையை மெச்சத்தான் வேண்டும்.

மீன் அடுக்கி வைத்திருந்த ஐஸ் பெட்டிக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனாய். "புடிச்சதக் காட்டுங்கம்மா, அதையே சமைச்சுத் தாறேன்" என்று காதோரமாகச் சொன்னாய். அவள் குனிந்து ஒவ்வொரு மீனையும் முகர்ந்து பார்த்தாள். முகம் மாறிப்போனது. என் பக்கம் திரும்பி, "வாடையே இல்லீங்களே, இது மீனுதானா?" என்றாள். நீ சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்தது. நம் தோட்டத்துக்கு மீன்காரன் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்து சேரும்போது, மீன் கடலை விட்டு எத்தனை நாளாயிற்று என்பது அவனுக்கே தெரியாது. அவன் சத்தம் கேட்பதற்கு முன்னால் வாடை வந்துவிடும். புளியைக் கெட்டியாகக் கரைத்து, மிளகாயைக் கூட்டிப் போட்டு அந்த வாடையை அடக்குவதுதான் மீன் குழம்பு என்று பழகியவள் அவள். வாடை இல்லாத மீனைக் கண்டால் சந்தேகப்படாமல் என்ன செய்வாள்? நீ அப்போது சிரித்தது நல்ல சிரிப்பு. அதோடு அன்றைய நாள் முடிந்திருக்கலாம்.

அவள் கைகாட்டிய பாரை மீனை உன் ஆள் ஒருவன் தூக்கித் தராசில் வைத்தான். தலையோடு, குடலோடு, ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட வைத்தான். எடையைச் சொன்னான். உன் அம்மா அவனைத் தம்பி முறை வைத்து மல்லி என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் கேட்டாள். மலையில் தேயிலை நிரைக்கு நிரை கத்திப் பேசியே பழகிய குரல் அது, அதைத் தணிக்க அவளுக்குத் தெரியாது. "தண்ணிக்கு எவ்வளவு கழிச்சீங்க மல்லி?" என்றாள். அவன் விழித்தான். அவள் விடவில்லை. "தண்ணி சொட்டுதே மல்லி. தண்ணிக்குக் கழிவு, குடலுக்குக் கழிவு, எல்லாம் கழிச்சுட்டுத்தானே எடை சொல்லணும்?" என்றாள். சண்டைக்காகக் கேட்கவில்லை. அக்கறையாகத்தான் கேட்டாள். உன் ஆள் வேலையைச் சரியாகச் செய்யவில்லை, உன்னிடம் திட்டு வாங்கப் போகிறான் என்று நினைத்தாள்.

உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நீ போய்ப் பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது, மறந்திருப்பாய். மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கழிப்பார்கள். சாக்குக்கென்று கழிப்பார்கள். முற்றல் இலைக்கென்று கழிப்பார்கள். வெயில் நாளிலும் பழக்கத்தில் கழித்துவிடுவார்கள். கொழுந்தெடுக்கப் போன நாளிலிருந்து உன் அம்மா பார்த்த தராசு அது ஒன்றுதான், மீன்காரன்கூடக் கூறு கட்டித்தான் விற்பான். தராசு என்று ஒன்று இருந்தால் கழிவு என்று ஒன்று இருக்கும் என்று அவள் நம்பியிருந்தாள். அன்றைக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் தராசுக்கு முன்னால் வாங்குகிறவள் பக்கம் நின்றாள். இந்தத் தடவை கழிவு தன் பக்கம் வரும் என்று எதிர்பார்த்தாள். அது அவ்வளவு பெரிய குற்றமா?

அடுத்த மேசையில் குடும்பத்தோடு இருந்த அந்தக் கொழும்புப் பெரிய மனிதர், உன் வாடிக்கைக்காரர், வயிறு குலுங்கச் சிரித்தார். அவருடைய பிள்ளைகள் சிரித்தார்கள். தராசில் நின்றவனும் தைரியம் வந்து சிரித்தான். "மனோஜ், கவுத மே?" என்று கேட்டார் அவர், யார் இவர்கள் என்று. அந்தக் கடற்கரையில் நீ மனோஜ் என்கிற சிங்களவன் என்பது எங்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதில் எங்களுக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. நீ திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தாய். கொஞ்சம் தடுமாறியிருந்தால்கூட நான் ஆறியிருப்பேன். நீ தடுமாறவே இல்லை. "அபே கமே அந்துனன அய, சேர்" என்றாய். எங்கள் ஊரில் தெரிந்தவர்கள். சொல்லிவிட்டு அவரோடு சேர்ந்து நீயும் சிரித்தாய். உன் அம்மாவுக்குச் சிங்களம் தெரியாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பாள். நம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது எப்படித் தெரியாமல் இருக்கும்? அவளும் சிரித்தாள், மணி. எல்லாரும் சிரிக்கும்போது தான் மட்டும் சிரிக்காமல் நின்றால் உனக்கு இடைஞ்சல் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்த நேரத்தில் எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம். பள்ளி விட்டதும் நேராகத் தராசடிக்கு ஓடி வந்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். நல்ல வெயில் நாள் ஒன்றில் கணக்கப்பிள்ளை அவள் கொழுந்துக்கு ஈரக் கழிவு போட்டார். அவள் பேசாமல் நின்றாள். நீ முன்னால் போய், "எங்கம்மா கொழுந்துல தண்ணி இல்ல! தொட்டுப் பாருங்க!" என்று கத்தினாய். தராசடியில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கணக்கப்பிள்ளைக்கு முகம் செத்துப்போனது. கழிவைக் குறைக்கவில்லை, அது வேறு விஷயம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன்னை நான் அடித்தேன், நாளைக்கு அவளுக்கு மோசமான நிரையைக் கொடுத்துவிடுவார்களே என்ற பயத்தில். அடியையெல்லாம் வாங்கிக்கொண்டு, "எங்கம்மாதானே, நான் கேக்காம வேற யாரு கேப்பா?" என்று அழுதுகொண்டே கேட்டாய். உன் அம்மா அதை லயத்தில் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தாள். இன்றைக்கும் சொல்வாள்.

பெயரைப் பற்றி நீ தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்கிறேன். நீ பதினேழு வயதில் கடற்கரைக்கு வேலைக்குப் போனது கெட்ட காலத்தில். பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டையைப் பார்த்துத் தமிழ் இளைஞர்களை இறக்கிக்கொண்டு போன காலம் அது. பஸ்ஸில் தமிழில் வாயைத் திறக்காதே, யாராவது கேட்டால் இரத்தினபுரிப் பையன் என்று மட்டும் சொல் என்று சொல்லி அனுப்பியவன் நான்தான். அதற்காக நான் வருத்தப்படவில்லை. மறுபடி அப்படி ஒரு காலம் வந்தால் மறுபடியும் அதையேதான் சொல்வேன். உயிருக்குப் பயந்து ஒளிந்தவனைக் குறை சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது. ஆனால் இப்போது சண்டை நின்றிருக்கிறது. சோதனைச் சாவடிகளில் யாரும் இறங்கி நிற்பதில்லை. வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள், அதனால்தானே உன் கடையே எழுந்தது. அந்தப் பெரிய மனிதர் கையில் துப்பாக்கி இல்லை, நண்டுக் கால்தான் இருந்தது. அவருக்குப் பயந்து பெற்றவளை மறைத்தாய் என்று நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாயே, சொல்கிறேன். ருசியாக இருந்தது. மிளகும் பூண்டும் அரைத்துத் தடவி, நெருப்பில் வாட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்து கொண்டுவந்து வைத்தாய். அவ்வளவு கோபத்தில் தின்றும் ருசித்தது என்றால் உன் கைப்பக்குவத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். உன் அம்மா மீன் தலையை எனக்குக் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டு, கன்னத்துச் சதையைத் தோண்டித் தோண்டிச் சாப்பிட்டாள். தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டாள். முள்ளுக்காக அப்படிக் குனிந்திருந்தாளா, வேறு எதற்காகவாவதா என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நீ செய்த காரியத்தை, மணி, நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஊரில் தெரிந்தவர்கள் என்று சொல்லிவிட்டாய் அல்லவா, தெரிந்தவர்கள் சும்மா எழுந்து போனால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? கறுப்பு அட்டைக்குள் பில்லை வைத்து எங்கள் மேசைக்கே கொண்டுவந்தாய். குனிந்து வைக்கும்போது உதடு அசையாமல், "சும்மா காசு வக்கிற மாதிரி வைங்கப்பா" என்று தமிழில் சொன்னாய். அன்றைக்கு அந்தக் கூடத்தில் நீ என்னிடம் பேசிய ஒரே தமிழ் அதுதான். நான் அட்டையைத் திறந்தேன். சட்டைப் பையில் விரலை விட்டபோது காலையில் வந்த பஸ் டிக்கெட்டுதான் அகப்பட்டது. அதை உள்ளே வைத்து மூடினேன். நீ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அந்த மேசைக்கும் கேட்கிற மாதிரி, "பொஹொம ஸ்தூதி சேர்" என்றாய். பெற்ற தகப்பனுக்கு நன்றி சொன்னாய். சேர் என்று சொன்னாய். நாற்பது வருடம் தோட்டத்துத் தொரைமாரைப் பார்த்து நான் சொன்ன வார்த்தையை எனக்கு ஒருத்தன் சொன்னது அன்றைக்குத்தான், அதுவும் நீ.

பிறகு பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடி வந்தாய். ஐஸ் போட்ட இறால் பொட்டலத்தை அம்மா கையில் திணித்தாய். "தப்பா எடுத்துக்காதீங்கப்பா, தொழில்" என்றாய். நான் பதில் சொல்லாமல் ஏறிவிட்டேன், அதைத்தான் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். எம்பிலிப்பிட்டிய வரைக்கும் உன் அம்மா பொட்டலத்தை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். அங்கே பஸ் மாறி உட்கார்ந்த பிறகு, "புள்ள மெலிஞ்சுட்டான்ங்க" என்றாள். அவ்வளவுதான். இறால் வழியிலேயே கெட்டுப்போனது. அதையும் புளி ஊற்றிச் சமைத்து, மகன் கொடுத்தது என்று லயத்தில் பக்கத்துக் காம்பிரா வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாள்.

உன் கடிதம் வந்ததும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கடைசியில் நீ எழுதியிருந்ததையும் விடாமல் படித்தேன். அம்மா சமையலறையைப் பார்த்துக்கொள்ளட்டும், நாட்டுச் சமையல் என்றால் வெள்ளைக்காரர்கள் விரும்புகிறார்கள், யாராவது கேட்டால் சமையல் அக்கா என்று சொல்லிக்கொள்ளலாம், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அன்பாகத்தான் எழுதியிருந்தாய். அன்பாக எழுதியிருந்ததுதான் எனக்கு இன்னும் எரிகிறது. படித்து முடித்துவிட்டு, இதற்குப் பிறகும் அந்தப் பக்கம் காலெடுத்து வைப்போமா என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "புள்ள கூப்புடுறான்ங்க" என்றாள்.

"மகன் கூப்புடல புள்ள, மொதலாளி கூப்புடுறான். சமையலுக்கு ஆளு கேக்குறான்" என்றேன்.

"என்னாவா இருந்தா என்னாங்க? தெனம் அவன் மூஞ்சியப் பாப்பேன்ல."

"அவன் ஒன்னைய யாருன்னு சொல்லுவான், யோசிச்சியா?"

அதற்கு அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "இங்க மட்டும் என்னாவாம்? காலையில வேலைக்கு ஆளு பிரிக்கிற பெரட்டுல என்னைய யாரு பேரு சொல்லிக் கூப்புடுறாங்க? செக்ரோல் நம்பரத்தானே கூப்புடுறாங்க. அதுக்குக் கோவிச்சுக்கிட்டு ஒரு நாளு வேலைக்குப் போகாம இருந்தேனா? அவன் அக்கான்னு கூப்புட்டுட்டுப் போறான். அக்காங்கறதும் ஒறவுதானே."

இதை உன்னை மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதே. அவளுக்கு உன்னை மன்னிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்டவளிடம் எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டு போகலாம், அவள் கணக்குப் பார்க்க மாட்டாள். அதனால்தான் நீ பார்க்க வேண்டும். உனக்கும் நாளைக்குக் கல்யாணம் நடக்கும், பிள்ளைகள் பிறக்கும். யாரிடம் எதையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாமோ அவர்களிடம்தான் அதிகம் யோசித்து எடுக்க வேண்டும். என் வாழ்க்கையில் நான் படித்தது இவ்வளவுதான், அதையும் உன் அம்மாவிடம் நிறைய எடுத்த பிறகுதான் படித்தேன்.

நான் வரவில்லை. தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்கிறவர் ஒருவராவது வீட்டில் இருந்தால்தான் இந்தக் காம்பிரா நம்முடையது என்பது உனக்குத் தெரியும். நான் ஓய்வுபெற்ற பிறகு அந்தப் பெயர் உன் அம்மாவுடையதாக இருந்தது. அவள் போய்விட்டால் காம்பிராவை விடச் சொல்வார்கள். அதனால் பெரிய கணக்கப்பிள்ளையிடம் போய்க் கேட்டேன். வயதானவர்களை நாள் கூலிக்குப் புல் வெட்ட எடுக்கிறார்கள், வேலைக்கு வந்துகொண்டிருக்கிற வரைக்கும் இருந்துகொள் என்றார். திங்கட்கிழமையிலிருந்து போகப் போகிறேன். முழங்கால் ஒத்துழைக்குமா என்று தெரியவில்லை, பார்ப்போம். இந்த அறையை நான் பிடித்து வைத்திருப்பது எனக்காக இல்லை. ஒரு நாள் அங்கே அவளால் முடியாமல் போனால், திரும்பி வந்து படுக்க ஓர் இடம் இருக்க வேண்டும்.

உன் கடையில் ஒரு மீனுக்கு நீ வாங்குகிற காசு நியாயமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நண்டை உடைத்துக்கொண்டு சிரிப்பவர்களுக்கு அது நியாயமாகத்தான் இருக்கும். இங்கே என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் உன் அம்மா ஒரு இரவுகூட வேறிடத்தில் தங்கியதில்லை. இனி நான் தனியாகச் சோறாக்கித் தின்பேன். அவள் உன் அடுப்படியில் சமைப்பாள். உன் கடை நடக்க வேண்டும் என்றால் இவ்வளவு ஆகிறது. அதற்குத் தகுமா என்று என்னைக் கேட்டால், தகாது. ஆனால் கொடுக்கப் போகிறவள் அவள், அவள் என்னைக் கேட்கவில்லை.

அவளைச் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். ஒரு வாரமாகத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். பொட்டைச் சின்னதாக வைத்துப் பார்க்கிறாள், பிறகு அழித்துப் பார்க்கிறாள். நேற்று நான் பீலியிலிருந்து தண்ணீர் எடுத்து வந்தபோது உள்ளே அரிசி களைந்துகொண்டே உன்னை ஐயா போட்டுக் கூப்பிட்டுத் தனக்குத்தானே மெல்லச் சிங்களத்தில் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். மனோஜ் மஹத்தயா, சோறு ஆயிற்று. மனோஜ் மஹத்தயா, மீன் வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுக்கொண்டு, "வாய் தவறி மணின்னு கூப்புட்டுட்டேன்னா புள்ளைக்குத்தானேங்க கஷ்டம்" என்றாள்.

பஸ் வருவதற்கு முன்பே வந்து நில். வேலை இருந்தது, கூட்டம் இருந்தது என்று காரணம் சொல்லாதே. நீ வரத் தாமதமானால் அவள் யாரிடமாவது உன் கடையை விசாரிக்க வேண்டி வரும். மனோஜுக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று அவர்கள் கேட்பார்கள். அதற்கு என்ன சொல்லப் போகிறாய் என்று நானும் அவளைக் கேட்டுப் பார்த்தேன். அந்த ஒன்றை மட்டும் அவளால் பழகிக்கொள்ள முடியவில்லை.

அப்பா